பன்றி தின்னும் எண்ணெய்



மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உள்ளே கட்டியாக உறைந்து கிடக்கும். வெந்நீரில் நிற்கவைத்துத்தான் உருக்குவோம். பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெயோ அதே குளிரில் கடகடவென்று ஊற்றும். இந்த இரண்டு பாட்டிலையும் மனசில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாருங்கள்.

அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் மதியச் சாப்பாடு முடிந்தபின் கேண்டீன் வாசலில் நிற்கும் நீல டிரம்மைப் பார்த்திருப்பீர்கள். மிஞ்சிய சோறு, சாம்பார், பொரியல், வடை எல்லாம் அதில்தான். வெண்பன்றி வளர்ப்பவருக்கு இந்த மாதிரி மிச்சம்தான் மலிவான தீவனம். அதோடு செங்குன்றம் ரைஸ் மில் தவிடு. கையில் கிடைத்தால் கோழிக்கடைக் கழிவு. தீவனச் செலவுதான் தொழிலையே விழுங்குகிறது என்னும்போது இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டிரம்மில் வந்ததை நன்றாகக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவுகிற வழிகளில் வேகாத எச்சில் உணவும் ஒன்று.

இப்படி வளர்ந்த பன்றி குழம்புக்கும் வறுவலுக்கும் தாராளமாக ஆகும். ஹாமுக்கு ஆகுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஹாம் என்றால் பன்றியின் பின்னந்தொடை. நம் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்தது. நான் சொல்வது இத்தாலியின் பார்மா வகை. தொடையை எலும்போடு உப்பிலிட்டு, குளிரறையில் வைத்து, பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கவிடுவார்கள். அடுப்பே கிடையாது. நம் வீட்டு உப்புக்கண்டத்துக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அத்தனை மாதம் காற்றில் தொங்கும்போது கறியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அதன் மேலிருக்கும் கொழுப்புதான்.

அந்தக் கொழுப்பு தீவனத்திலிருந்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆடும் மாடும் அசைபோடுகிற சாதி. அவை தின்கிற எண்ணெய்ச் சத்தை முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இறுகலாக மாற்றிவிடும். ஆட்டுக்கொழுப்பு ஆறினதும் மெழுகுபோல் உதட்டில் ஒட்டுவது அதனால்தான். பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு. அது தின்ற எண்ணெய் பெரிதாக மாறாமலே முதுகிலும் தொடையிலும் போய்ப் படியும்.

முதலில் சொன்ன இரண்டு பாட்டிலைப் போல, தின்ற எண்ணெய்க்கு ஏற்பக் கொழுப்பும் இறுகும் அல்லது இளகும். இளக்கத்துக்கு முக்கியக் காரணம் லினோலிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 சதவீதம், நல்லெண்ணெயில் 40க்கு மேல், தவிட்டெண்ணெயில் 30க்கு மேல், கோழிக்கொழுப்பில் 20 அளவில் அது இருக்கும். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் இருந்தால் அதிகம். பார்மா ஹாமுக்கான தொடையில் கொழுப்பின் லினோலிக் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இளக்கத்தை அளக்கும் அயோடின் எண் 70ஐத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. தாண்டினால் தொங்கும் தொடையிலிருந்து எண்ணெய் கசியும். சீவும்போது கொழுப்பு கறியைவிட்டு வழுக்கும். எல்லாவற்றையும்விட, சிக்கு வாடை ஏறிவிடும். உப்பு வேறு அந்த வாடையைச் சீக்கிரம் கிளப்பிவிடும்.

ஸ்பெயினில் கருவாலிக் கொட்டை தின்று வளரும் ஐபீரியப் பன்றியின் கொழுப்பும் இளக்கமானதுதானே, அதன் ஹாம் உலகப் பேர் வாங்கவில்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கொட்டையில் மிகுந்திருப்பது ஒலீயிக் அமிலம். அதுவும் இளகும், ஆனால் லினோலிக் மாதிரி அத்தனை சுலபமாகக் காறாது.

கொழுப்பைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். முதுகுக் கொழுப்பில் ஒரு துண்டை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெள்ளைவெளேரென்று, விரல் பதியாமல் நின்றால் ஹாமுக்குப் போகலாம். மங்கலாக, வழவழவென்று குழைந்து, விரலில் பிசுபிசுத்தால் அது டிரம் வளர்த்த கொழுப்பு.

நம் வெயில் இந்த விஷயத்தில் நமக்குத் துணை. 1901இல் இரண்டு டேனிஷ் ஆய்வாளர்கள் ஒரு பன்றிக்குட்டியைச் சூட்டிலும், ஒன்றை உறைகுளிரிலும் வளர்த்தார்கள். மூன்றாவதைக் குளிரிலேயே விட்டு, ஆட்டுத்தோல் கோட்டு மாட்டிவிட்டார்கள்! குளிரில் வெறும் உடம்போடு நின்றதன் கொழுப்புதான் அதிகம் இளகியிருந்தது. ஆக, திருவள்ளூர் வெயிலில் கொழுப்பு இறுகவே பார்க்கும். ஆனால் அறுத்தபின் உப்பேறும் வாரங்களில் தொடை கிட்டத்தட்ட 4 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அங்கே நம் வெயில் எதிரி.

கொழுப்பின் தன்மையில் இனம், வயது, ஆண் பெண் வேறுபாடு இவற்றுக்கும் பங்கு உண்டு. காயடித்த ஆண் பன்றியின் கொழுப்பு பெண் பன்றியுடையதைவிடச் சற்று தடிப்பு, இறுக்கம். பார்மாவுக்கு 9 மாதம் நிரம்பி, நன்றாக எடை போட்ட பன்றி வேண்டும். நாம் அந்த எடைக்கு வெகு முன்பே விற்றுவிடுகிறோம். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் யார்க்‌ஷயரையும் நாட்டுப்பன்றியையும் கலந்து உருவாக்கிய 'தனுவாஸ் கே.பி.எம். கோல்டு' நம் சூழலுக்கு ஏற்றது. என்றாலும், எந்த இனமானாலும் தொட்டியில் ஊற்றுவதை மீறாது.

முதல் மாதங்களில் டிரம் இருக்கட்டும். கொழுப்பு வேகமாகப் படிவது கடைசி இரண்டு மாதம். அப்போது டிரம்மையும் கோழிக் கழிவையும் பச்சைத் தவிட்டையும் நிறுத்திவிட்டு, அதே செங்குன்றம் மில்லில் வேறு மூட்டை வாங்குங்கள்: குருணை. அதோடு மரவள்ளிக் கிழங்கு, எண்ணெய் எடுத்த தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. புரதத்துக்கு எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கு. மாவுச்சத்திலிருந்து பன்றி தானே உண்டாக்கிக்கொள்ளும் கொழுப்பு இறுக்கமானது. பழைய கொழுப்பு முழுசாகப் போகாவிட்டாலும் பெரும்பங்கு மாறிவிடும்.

இதற்குக் காசு கூட ஆகும். ஹாமுக்கென்று பன்றி கேட்டு வருகிற கம்பெனி உயிரெடைக்கு மட்டும் விலை பேசினால், நீங்கள் டிரம்மிலேயே இருங்கள். கொழுப்பின் தரத்துக்கும் விலை எழுதித் தந்தால் மட்டும் குருணை மூட்டையைப் பிரியுங்கள்.