பெட்டியில் தமிழ் இருக்கிறது, ஏட்டில் இருக்கிறதா?

(பெங்களூரில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரத்தில் நின்ற கால் வலியோடும், ஊதுவத்தி உருட்டிய கை வலியோடும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசி உங்களைச் சோதிக்க மாட்டேன். மாலையானால் நம் வீடுகளில் ஒளிவிடும் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அது வெறும் பொழுதுபோக்கு என்பார்கள். பொழுதுபோக்கு மட்டும்தான் என்றால், அதற்காக இந்த ஊரில் ரத்தம் சிந்தியிருக்குமா? 1994 அக்டோபரில் பெங்களூர் தூர்தர்ஷன் உருது மொழியில் ஒரு செய்தி அறிக்கையைத் தொடங்கியது. நாளுக்குப் பத்தே நிமிடம்! அதை எதிர்த்துக் கிளம்பிய கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அறிக்கை நிறுத்தப்பட்டது. ஒரு மொழி பெட்டிக்குள் வருவதும் வராததும், அந்த மொழி பேசுகிறவனுக்கு இந்த ஊரில் இடம் உண்டா இல்லையா என்ற கேள்வியாகிவிடுகிறது. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் குடிசைகளை இழந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கடல் தாண்டிப் பார்ப்போம். நைஜீரியா விடுதலை பெற்றது 1960 அக்டோபர் 1ஆம் நாள். அதற்குப் பதினொரு மாதங்கள் முன்பே, 1959 அக்டோபர் 31இல், மேற்கு நைஜீரிய மாகாண அரசு இபாடான் நகரில் தொலைக்காட்சி நிலையம் திறந்துவிட்டது. ஊர் ஊராகக் கூத்துப் போட்டுப் பிழைத்த யொரூபா நாடகக் கலைஞர்களுக்கு அங்கே மேடை கிடைத்தது. மோசஸ் ஒலையா என்ற நகைச்சுவைக் கலைஞர் அந்த மேடையில்தான் நாடறிந்தவரானார். வெள்ளைக்காரனின் மொழியே உயர்ந்தது என்று பழக்கப்பட்டிருந்த மக்கள், தங்கள் பழமொழியையும் தங்கள் கேலியையும் பெட்டியில் கேட்டார்கள். தலை நிமிர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு கதை. 1976 ஜனவரியில் அங்கே தொலைக்காட்சி தொடங்கியது. எந்த மொழிகளில்? ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்சிலும் மட்டும். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களின் மொழிகளுக்கு 1982இல்தான் தனிச் சேனல்கள் வந்தன. ஜூலு பேசியது பெட்டி, கோசா பேசியது, சோத்தோ பேசியது. ஆனால் பெட்டியின் திருகு யார் கையில் இருந்தது? அதே நிறவெறி அரசின் கையில்! மொழி வந்தது, மக்களின் வாழ்வும் போராட்டமும் வரவில்லை. அந்த அரசு வீழ்ந்த பிறகு, 1996இல்தான் சேனல்கள் புதிதாகப் பிரித்து அமைக்கப்பட்டன.

தோழர்களே, இந்த இரண்டு கதைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள்.

பெங்களூரில் தூர்தர்ஷன் வந்தது 1981 நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவ நாளில். மண்ணின் மொழியான கன்னடம் அதில் ஒலித்தது முறைதான். டில்லியிலிருந்து இந்தி வந்தது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இருந்த நம் வீட்டுப் பாட்டிக்கு இரண்டிலும் இடமில்லை. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. தொடங்கியது. கேபிள் வழியே தமிழ் நம் தெருவுக்குள் வந்தது. அதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஊரை விட்டு வந்த தாய்மார்களின் தனிமை குறைந்தது. இங்கேயே பிறந்த பிள்ளையின் காதில் தமிழ் விழுந்தது. தெருவில் தமிழ் பேசக் கூசியவன், வீட்டில் கூசாமல் பேசினான்.

ஆனால் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி, திருகு யார் கையில்? 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது இங்கே தமிழ்ச் சேனல்கள் நிறுத்தப்பட்டன. ஒரு கம்பியைப் பிடுங்கினால் போய்விடுகிற பெருமை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த நாட்களில் அடிதடிக் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டி இரு மாநிலத்திலும் நெருப்பை வளர்த்ததும் இதே பெட்டிகள்தான். அவர்களுக்கு அது வியாபாரம். அடி வாங்கியவன் லாரி டிரைவரும் கூலிக்காரனும்.

இரண்டாவது, அந்தத் தமிழில் நாம் இருக்கிறோமா? சீரியலில் பங்களா வருகிறது, பட்டுப்புடவை வருகிறது. சித்தாள் வருகிறாளா? 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. விபத்துக்கு உதவி, பிள்ளை படிப்புக்கு உதவி என்று பல உதவிகள் அதில் உண்டு. எந்தச் சீரியல் இதை உங்களுக்குச் சொன்னது? சங்கம் அல்லவா வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

மூன்றாவதுதான் நெஞ்சைச் சுடுகிற கேள்வி. நம் பிள்ளை தமிழ் பேசுகிறான், தமிழ்ப் பாட்டுப் பாடுகிறான். பேருந்தின் பெயர்ப் பலகை தமிழில் இருந்தால் படிப்பானா? தாத்தா எழுதி வைத்த கடிதத்தைப் படிப்பானா? பெட்டி காதுக்குத் தமிழ் கொடுக்கும், கண்ணுக்குப் படம் கொடுக்கும். எழுத்தைக் கைபிடித்து எழுதவைக்காது. எழுத்தறியாத மொழி இரண்டு தலைமுறையில் வீட்டுச் சமையலறையோடு நின்றுவிடும். இன்று பெட்டி போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. அதிலும் இதே கதைதான்.

ஆகவே, பெட்டியை உடையுங்கள் என்று சொல்லவில்லை. வாரம் ஒரு நாள், ஒரு சீரியல் நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்கிறேன். அந்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கட்டும். படித்த இளைஞர்கள் கூலியில்லாமல் சொல்லிக்கொடுக்கட்டும். அதே இளைஞர்கள் கையிலுள்ள கைப்பேசியால் நம் வேலையை, நம் கூலிப் பாக்கியை, நம் பாட்டிமாரின் கதையைப் படம் பிடிக்கட்டும். இபாடான் கலைஞர்கள் செய்ததும் அதுதானே? சேனல்காரர்களுக்கும் எழுதுவோம்: எங்களைப் பார்வையாளராக மட்டும் எண்ணாதீர்கள், எங்கள் வாழ்வையும் காட்டுங்கள் என்று.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தமிழைக் காப்பது கன்னடத்தைப் பகைப்பதல்ல. நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழியை நம் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும். 2009 ஆகஸ்டில் அல்சூரில் வள்ளுவர் சிலை திறந்தார்கள். அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். சிலைகளே பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழும்போது மனிதர்களால் முடியாதா?

அலுவலகத்துக்கு மனுவைக் கன்னடத்தில் எழுதவும், ஊரில் இருக்கும் பாட்டிக்குக் கடிதத்தைத் தமிழில் எழுதவும் தெரிந்த பிள்ளையை இந்த ஊரில் எவனும் ஏமாற்ற முடியாது. வருகிற ஞாயிறு சிலேட்டும் பலப்பமும் சங்கம் தரும். பிள்ளைகளை நீங்கள் அனுப்புங்கள்.