நம்பிக்கைக்குத் துணை வேண்டும்

துன்ப காலத்தில் கிறித்தவ நம்பிக்கையும் மகிழ்ச்சியும் என்பது இக்கருத்தரங்கின் பொருள். கோலா கிளாவாங்கில் கூடி இதைப் பேசும்போது, இந்த மண் கண்ட துன்பத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். இந்த ஊர் அமைந்த ஜெலெபு மாவட்டம் ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்த மாவட்டம். இங்கிருந்து சற்றுத் தொலைவில், தித்திக்கு அருகே, யூ லாங் லாங் என்ற சிற்றூரில் 1942 மார்ச் 18 அன்று ஜப்பானியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன மக்களைக் கொன்றார்கள். அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாமுக்கு ஏற்றிச் செல்லும் வேலை தொடங்கியது. இந்த இரண்டு கொடுமைகளையும் பார்த்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, எல்லாம் நன்மைக்கே என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சயாம் மரண ரயிலின் கதை நமக்குப் புதிதன்று. சயாம் என்ற தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர்ப் பாதையை ஜப்பானியர் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது தோட்டத்துக் கணக்கர்களான கிராணிகளிடம் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கூடிய கூட்டத்தை அப்படியே ரயிலேற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு உறுதியான கணக்கு யாரிடமும் கிடையாது. அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கின்றன. நம்மவர்களுக்குப் பொதுக்குழிதான் கிடைத்தது. கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் பெருவிகிதத்தில் மாண்டதற்குக் காரணம் உடல்வலுக் குறைவு என்று சொல்ல முடியாது. கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள். கழிப்பிடக் குழி வெட்டச் சொன்னார்கள். நோயாளியைத் தனியே பிரித்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது தமிழர் கொட்டகைகளில் இவற்றைச் சொல்லவும் செய்யவும் அநேகமாக யாரும் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கிறித்தவ நம்பிக்கையைத் தனிமனிதன் நெஞ்சுக்குள் வளர்க்க வேண்டிய மனநிலையாகவே நம் மேடைகளில் பெரும்பாலும் பேசுகிறோம். அது போதாது என்பதே என் வாதம். துன்பத்தில் இருப்பவனைச் சுமக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை உருவெடுக்கிறது. மகிழ்ச்சி அந்தச் சுமத்தலின் கனியாகவே வருகிறது. இதற்குச் சான்று அதே ரயில் பாதையிலேயே கிடைக்கிறது. ஸ்காட்லாந்துப் படை அதிகாரியான எர்னஸ்ட் கார்டன் சுங்காய் போர்க் கைதி முகாமில் சாகும் நிலையில் கிடந்தார். அப்போது அவருக்குப் பெரிய பக்தி எதுவும் கிடையாது. முகாமில் அன்று நடந்தது அவனவன் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் போட்டி, சாகப்போகிறவனிடமிருந்தே திருடினார்கள். அந்த நிலையில் இரண்டு வீரர்கள், ஒருவர் மெதடிஸ்ட், மற்றவர் கத்தோலிக்கர், முறை வைத்து வந்து கார்டனின் கால் புண்களைக் கழுவிக் கட்டினார்கள். செயலிழந்த கால்களைத் தேய்த்துவிட்டார்கள். அவர் பிழைத்தார். அந்த முகாமில் பிறகு நோயாளிகளைப் பார்க்கும் முறை உண்டாயிற்று, மூங்கிலால் செயற்கைக் கால் செய்தார்கள், பாடம் நடத்தினார்கள், இசைக்குழு அமைத்தார்கள். கார்டன் பின்னாளில் போதகரானார். 1962இல் வெளிவந்த தம் நூலில் இவற்றையெல்லாம் பதிவு செய்தார். அந்த முகாமில் பசி தீரவில்லை, சாவும் நிற்கவில்லை. ஆனாலும் மனிதர்கள் மனிதர்களாக மீண்டார்கள். கிறித்தவ மகிழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

வேதாகமமும் இதையே காட்டுகிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடல் சிறையிலிருந்து எழுதியது. நான்கே அதிகாரம் உள்ள அம்மடலில் மகிழ்ச்சி பதினைந்து முறைக்கு மேல் பேசப்படுகிறது. அதை ஒரு பக்தனின் மனவலிமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். உரோமைச் சிறையில் கைதிக்குச் சோறும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவியைக் கொடுத்தனுப்பியது. அவர் அந்தப் பணியில் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை போனார். பவுலின் மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு சபையின் காணிக்கையும் ஒரு மனிதனின் நோயும் இருக்கின்றன. யோபுவின் நண்பர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை குறையில்லை. பிறகு துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். இறுதியில் கடவுளின் கோபம் அந்த விளக்கங்கள்மேல்தான் விழுந்தது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றுள் எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. முடிவில் விடிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதையும் வழிபாட்டு நூலில் சேர்த்த சமூகம், அழுகிறவனைத் தனியே விடக்கூடாது என்று உணர்ந்த சமூகம்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைத் தவிர்த்துப் போக விரும்பவில்லை. முதலாவது: நம்பிக்கைக்குத் துணை வேண்டுமென்றால், துணையின்றிச் செத்த தமிழர்களுக்கு நம்பிக்கையே இல்லை என்று ஆகாதா? மருத்துவரும் அதிகாரியும் இருந்தவர்களின் சொத்தா அது? அப்படிப் பொருள் கொள்வது அநீதி. குடும்பத்தைப் பிரித்து, ஊரைப் பிரித்து, மொழி தெரியாத காட்டில் மனிதர்களைக் கொட்டியவர்கள் செய்த குற்றத்தை, அங்கே மாண்டவர்களின் குறையாக நாம் மாற்றக்கூடாது. அவர்கள் உள்ளத்தில் இறைவன் என்ன செய்தார் என்பது நம் ஆராய்ச்சிக்கு எட்டாது. அவர்களுக்குக் கிடைக்காத துணையை இனி யாருக்கும் கிடைக்காமல் போக விடக்கூடாது என்ற கடமை மட்டும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது மறுப்பு பழையது. 1844இல் மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டார். தோட்டத்துக் கோயிலும் சிற்றாலயமும் கூலியாளை அடக்கி வைக்க நிர்வாகத்துக்கு உதவின என்பார் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. பொறுமையை மட்டுமே போதித்து, கூலியைப் பற்றி வாய் திறக்காத பிரசங்கங்கள் நம் சபைகளில் ஒலித்திருக்கின்றன. ஆனால் மயக்கும் நம்பிக்கையையும் எழுப்பும் நம்பிக்கையையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே என்றும் கேட்டார்கள். மயக்கத்தை விலக்கி மானத்தைக் கேட்ட அந்த வேண்டுகோளில் மெய்யான நம்பிக்கையின் குணம் தெரிகிறது. நம் சபைகள் அந்த வேலைநிறுத்தத்தை நடத்தவில்லை. ஆயினும் நாம் அறிவிக்கும் நம்பிக்கை அந்த மக்களை நிமிர வைத்ததா, குனிய வைத்ததா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். குனிய வைத்த போதனையைக் கிறித்துவின் பெயரால் காக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமானது. சயாமில் மாண்ட தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் துன்பத்தை எடுத்துக் கிறித்தவ மகிழ்ச்சிக்குப் பாடமாக்குவது அவர்களை இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்வது ஆகாதா? மாண்டவர்கள் இருக்க நாம் மகிழ்வது துரோகம் ஆகாதா? உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. வடு மறையாத உடலே உயிர்த்தெழுந்தது. ஆகவே இறந்தவர்களை மறந்துவிட்டு மகிழ நற்செய்தி இடம் தரவில்லை. உரோமையர் மடலின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் பேசும் விடுதலை படைப்பு முழுவதற்கும் உரியது. ஞானஸ்நானப் பதிவேட்டோடு அது நின்றுவிடுவதில்லை. எனவே அந்த மனிதர்களை நம் மதக் கணக்கில் சேர்க்காமலே, அவர்களை நினைவுகூரும் பணியில் நாம் சேர முடியும். 2023இல் காஞ்சனபுரியில் அவர்களுக்காக நடுகல் எழுப்பப்பட்டது. வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் பழைய மரபு. எண்பது ஆண்டு தாமதமாக நடந்த அந்தக் காரியத்தில் சபைகளுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்று இந்த மாநிலத்தின் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தவர்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் நம் நடுவிலேயே வளர்கிறார்கள். நம் முன்னோர் செய்த வேலையை இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் செய்கிறார்கள். நம் முன்னோரைப் போலவே ஊரையும் உறவையும் விட்டு வந்திருக்கிறார்கள். துன்பம் இன்று எந்த முகத்தோடு வருகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேயே இருக்கிறது. நாளையும் மறுநாளும் வாசிக்கப்படும் கட்டுரைகள் துன்பத்துக்கு விளக்கம் தேடுவதோடு நின்றுவிடாமல், யார் யாரைச் சுமக்க வேண்டும், எப்படிச் சுமக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

உங்கள் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். இம்மாநிலத்தின் ஒவ்வொரு தமிழ்ச் சபையும் தன் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை, மதம் பாராமல், முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். கேட்பதற்கு அவர்கள் இன்னும் நெடுநாள் இருக்கப்போவதில்லை. ஒவ்வொரு சபையும் தன் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு நோய் வந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஓர் ஆளை நியமிக்கட்டும். இவ்விரண்டையும் செய்யும் சபைக்கு நம்பிக்கையைப் பற்றிப் பேச உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் அனைவரும் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.