பேரீச்ச மரத்தடியில் ஒரு தாய்



பிரசவ வலியைப் பற்றி மிம்பரில் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வல்ல அல்லாஹ் தன் திருமறையிலேயே ஒரு பெண்ணின் பேறுகால வேதனையை எடுத்துரைத்திருக்க, நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மர்யம் அத்தியாயத்தின் 22 முதல் 26 வரையிலான வசனங்களைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். வலி எடுத்ததும் அன்னை மர்யம் (அலை) அவர்கள் ஒரு பேரீச்ச மரத்தின் அடியை நாடுகிறார்கள். இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறார்கள். ஊரார் பழிக்கு அஞ்சிய துயரமும் அக்கதறலில் கலந்திருந்தது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. பின்னர் காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் உதிரும் கனிந்த பழங்கள். உண்ணவும் பருகவும் கண்குளிரவும் சொல்லப்பட்டது. நம் வீடுகளிலோ, வலியால் முனகும் பெண்ணை "நாங்களெல்லாம் பெறவில்லையா, சத்தம் போடாதே" என்று அதட்டுகிறோம்!

முதல் பிரசவத்தில் இந்தத் தொடக்க வலி பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். இடுப்பிலும் அடிவயிற்றிலும் வலி வரும், போகும்; இடைவெளி ஒழுங்காக இராது. கருப்பை வாய் மெல்ல மென்மையாகி விரியத் தொடங்கும் காலம் இது. சுமார் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகே தீவிரமான கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. சீரகக் கஷாயம் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி என்பார்கள் நம் பாட்டிமார்கள். அடங்காவிட்டாலும் பதற்றம் வேண்டாம். கஞ்சியோ இட்லியோ சிறிது உண்ணட்டும். அடிக்கடி நீர் பருகட்டும். சிறுநீரை அடக்க வேண்டாம். இரவானால் இடப்பக்கமாகச் சாய்ந்து உறங்க முயலட்டும். பகலானால் மெல்ல நடக்கட்டும். வலி வரும்போது மூச்சை நிதானமாக இழுத்து, நீளமாக விட்டு, நாவில் திக்ரை வைத்துக்கொள்ளட்டும். யாரேனும் இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் பெரும் சுகம். ரமளானாக இருந்தால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதி உண்டு.

பேரீச்சம்பழம் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஜோர்டானில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பேறுகாலத்திற்கு முந்தைய நான்கு வாரங்கள் தினமும் ஆறு பழங்கள் உண்ட 69 பெண்களுக்குத் தொடக்க வலி சராசரியாக 510 நிமிடங்கள் நீடித்தது. உண்ணாத 45 பெண்களுக்கு 906 நிமிடங்கள். சிறிய ஆய்வுதான்; இதை வைத்து மருத்துவமனையே வேண்டாம் என்று வாதிடுவோர் மார்க்கத்தையும் அறியவில்லை, மருத்துவத்தையும் அறியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

நீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, 37 வாரங்களுக்கு முன்பே வலி கண்டாலோ ஒரு நொடியும் காத்திருக்கலாகாது. ஐந்து நிமிடத்திற்கொரு முறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தாலும் புறப்பட வேண்டும். மருத்துவமனை தொலைவென்றால் இன்னும் முன்னதாகவே. வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள். பிரசவத்தில் இறப்பவர் ஷஹீத் என்ற நபிமொழி, தாயை இழந்த குடும்பத்திற்கு ஆறுதல். நம் அலட்சியத்திற்கு அது திரையாகாது.

வலி தொடங்கியதுமே தொழுகை நீங்கிவிடுவதாகப் பல பெண்கள் எண்ணுகிறார்கள். ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் நிஃபாஸ் குழந்தை பிறந்த பின்னரே. அதுவரை நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம்.

கணவன்மார்களே! பத்ருப் போருக்குப் படை புறப்பட்டபோது, நோயுற்றிருந்த மனைவி ருகையா (ரலி) அவர்களைக் கவனிக்க உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் சொன்னார்கள் அண்ணலார். போரில் கலந்துகொண்ட நன்மையும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். பத்ரையே விட்டுத் தங்க அனுமதி இருந்தது. நமக்கோ கடையை ஒரு நாள் அடைக்க மனம் வருவதில்லை! வளைகுடாவில் இருப்பவர்கள், மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள் என்று நிம்மதி கொள்ளாமல், நள்ளிரவில் வலி வந்தால் யார் வண்டி எடுப்பார், பணம் யார் கையில் இருக்கும், இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார் என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள்.

யா அல்லாஹ்! இன்றிரவு வலியோடு விழித்திருக்கும் தாய்மார்களுக்கு எளிதாக்குவாயாக! ஆமீன்.