தங்கவயலில் ஒரு வகுப்பேடு

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்குத் தாய்மொழி பேச்சாக வீட்டிலேயே வாய்த்துவிடுகின்றது. எழுத்தாக வாய்ப்பதற்கோ நாமே ஒரு முயற்சி செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது. அம்முயற்சிகளுள் செலவு குறைந்ததும், ஒரு வகுப்பறைக்குள்ளேயே செய்து முடிக்கத்தக்கதும் மாணவர் நடத்தும் இலக்கிய ஏடு. கோலார் தங்கவயலில் கல்லூரி மாணாக்கராக இருந்தபோது 2000-2001 ஆம் ஆண்டில் நாங்கள் அத்தகைய ஏடு ஒன்றை நடத்தினோம். அதில் நாங்கள் கற்றதையும், செய்த பிழை ஒன்றையும் இன்று சொல்ல விரும்புகின்றோம்.

தங்கவயலைப் பற்றி நேயர்கள் அறிந்திருப்பர். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே வந்து, இயந்திரங்களைக் கொண்டு பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கினர். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்திற்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அவ்வாழத்திலே வேலை செய்தவர்கள் எங்கள் பாட்டன்மாரும் தந்தைமாரும்.

உழைப்புக்குப் பேர்போன அவ்வூர் எழுத்துக்கும் பேர்போனதாக இருந்தது என்பதைப் பலர் அறியார். அயோத்திதாச பண்டிதர் 1907-ல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். காலணா விலையுள்ள அவ்வேடு மறு ஆண்டே ‘தமிழன்’ என்று பெயர் மாறிற்று. தங்கவயலில் அதற்கு வாசகர் பலர் இருந்தனர். பண்டிதர் 1914-ல் மறைந்தார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. எட்டு மணி நேரம் பாறையோடு போராடியவர்கள், மேலே வந்து காசு சேர்த்து ஏடும் நூலும் வாங்கிப் படித்திருக்கின்றார்கள்.

இவ்வரலாறு எதுவும் தெரியாமலேதான் நாங்கள் எங்கள் ஏட்டைத் தொடங்கினோம். மொழிப்பாடமாகத் தமிழ் எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் பதினேழு பேர். அவர்களுள் மூவர் ஆசிரியர் குழுவாயினர். கையெழுத்து அழகாக அமைந்த இருவர் படியெழுதுவோர். ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர் அட்டைக்குப் பொறுப்பு. தலைக்கு ஐந்து ரூபாய் சந்தா. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி, இராபர்ட்சன்பேட்டைக் கடை ஒன்றில் ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் நூல் கோத்துத் தைத்தோம். முப்பது படிகள் ஆயின.

முதல் இதழைக் கண்டு நாங்கள் பெருமகிழ்ச்சி அடைந்தோம். எங்கள் தமிழாசிரியரோ அதை இருமுறை புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “இதில் காவிரி மூன்று இடத்தில் வருகின்றது, வைகை இரண்டு இடத்தில் வருகின்றது. உங்களில் வைகையைப் பார்த்தவர் யார்?” ஒருவரும் கை தூக்கவில்லை. சன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மலைபோல் நின்றன. அம்மேடுகளைப் பற்றி எங்கள் இதழில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே இரண்டாம் இதழைச் சுரங்க இதழாக வெளியிடுவது என முடிவு செய்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பெரியவரிடம் அவர் செய்த வேலையைக் கேட்டு எழுதி வர வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டுரைகள் வந்து குவிந்தன. அவற்றில் ஷாஃப்ட், லெவல், கேஜ் முதலிய சொற்கள் நிரம்பியிருந்தன. தெலுங்கும் கன்னடமும் இடையிடையே கலந்திருந்தன. ஆசிரியர் குழுவினராகிய நாங்கள் தூய தமிழில் பற்றுடையவர்கள். எனவே அகராதியை வைத்துக்கொண்டு அச்சொற்களையெல்லாம் மாற்றினோம். ‘ஏர்பிளாஸ்ட்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதனைக் ‘காற்றுவெடிப்பு’ என்று திருத்தினோம்.

கட்டுரை எழுதிய மாணவரின் தந்தை அப்படியைப் படித்தார். பிறகு எங்களை அழைத்து, “தம்பி, அங்கே வெடிப்பது காற்று இல்லை, பாறை” என்றார். மேலிருக்கும் நிலத்தின் பாரம் தாங்காமல் ஆழத்திலுள்ள பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அவ்வதிர்ச்சியில் காற்று வீறிட்டு வரும். அதனால்தான் அந்நாளில் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள் என்று விளக்கினார். “காற்றுவெடிப்பு என்று எழுதினால், அதில் போனவர்கள் எதனால் போனார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்” என்றும் சொன்னார். நாங்கள் தலைகுனிந்தோம். அன்று இரவே அச்சொல்லைப் பழையபடி எழுதி, பக்கத்தின் அடியில் அவர் கூறிய விளக்கத்தையும் சேர்த்தோம். பிற்காலத்தில் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, சொல்லுக்குச் சொல் தேடும் வேளைகளிலெல்லாம் அப்பெரியவரின் குரல் நம் காதில் ஒலித்திருக்கின்றது. பொருளை அறியாமல் பெயரை மட்டும் மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதை முதலில் கற்பித்தவர் அவரே.

இனி, எங்கள் பிழையைச் சொல்லவேண்டும். அதே இதழுக்கு வகுப்புத் தோழர் ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்திருந்தார். கதையும் அன்று, கவிதையும் அன்று. சம்பள நாளன்று அவருடைய தாயார் எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுத்தார், எவரிடம் எவ்வளவு பாக்கி சொன்னார், சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் எதை விற்றார் என்று வரிசையாக எழுதியிருந்தார். ரகர றகரமும் னகர ணகரமும் பல இடங்களில் மாறியிருந்தன. “பிழைகளைத் திருத்தி எழுதி வாருங்கள்” என்று அதனைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாக நடந்துவந்த வேலை அன்றோடு நின்றது. வேலை நேரத்தை அறிவித்துவந்த சங்கும் ஓய்ந்தது. கடிகாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புவதற்கும் அந்தச் சங்கே துணையாக இருந்தது. எங்கள் வகுப்பில் சிலர் படிப்பை நிறுத்தினர். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவு திரும்பினர். அந்தத் தோழரும் அவர்களுள் ஒருவர்.

இரண்டாம் இதழை மார்ச்சு மாதத்தில் முடித்தோம். அவருடைய எழுத்தைக் கேட்டுப் பெற்றுச் சேர்க்க எண்ணி அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் சிரித்துக்கொண்டே, அந்தத் தாள் சட்டையோடு துவைப்பதற்குப் போய்விட்டது என்றார். மீண்டும் எழுதித் தருமாறு கேட்டோம். “அப்போது நினைவிருந்தது, எழுதினேன். இப்போது நேரமில்லை” என்றார். அவ்விதழில் வெளிவந்தவற்றுள் பிழையில்லாத கவிதைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றுகூட இன்று எங்களுக்கு நினைவில்லை. வெளிவராத அந்த ஒன்றரைப் பக்கந்தான் நினைவில் இருக்கின்றது. ஒரு தொழிலாளர் குடும்பம் அவ்வாண்டு எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எங்கள் கைக்கு வரவில்லை. ரகரத்தையும் றகரத்தையும் படியெழுதும்போது நாங்களே திருத்தியிருக்கலாம். அது பத்து நிமிட வேலை.

பிரான்சு நாட்டில் செலஸ்தேன் பிரெனே என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். முதல் உலகப் போரில் காயமுற்றவர். 1924-ல் தம் கிராமப் பள்ளிக்கு ஒரு சிறிய அச்சுக்கருவி வாங்கி வைத்து, பிள்ளைகள் தாம் கண்டதைத் தாமே எழுதி அச்சுக்கோக்கும்படி செய்தார். அவ்வேடுகளைப் பிற ஊர்ப் பள்ளிகளுக்கும் அனுப்பினார். பிள்ளைகள் எழுதியதை வகுப்பு முழுவதும் கூடியிருந்து திருத்தும். பிழைக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கு இல்லை. இச்செய்தியை நாங்கள் முன்னமே அறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தம் பிள்ளைகளைக் கொண்டு இத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்கலாம். கல்லூரி வகுப்பு இல்லையேல் தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பே போதும். எட்டுப் பக்கம் இருந்தால் நிறைவு. இருக்கும் ஊரைப் பற்றியும், வீட்டுப் பெரியவர்கள் செய்த தொழிலைப் பற்றியும் முதலில் எழுதட்டும். தொழிற்சொற்களைத் தொழில் செய்தவரிடமே காட்டிச் சரிபார்க்கட்டும். பிழைகளை ஆசிரியர் குழுவே திருத்திக்கொள்ளட்டும். எழுதியவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு இதழிலும் இரண்டு படிகளைத் தனியே எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்கட்டும். எங்கள் இரண்டாம் இதழில் இன்று எஞ்சியிருப்பது ஒரே படி. அதிலும் மை மங்கிவிட்டது.

அந்தத் தோழரை அண்மையில் பெங்களூரில் சந்தித்தோம். அவருடைய மகள் தமிழ் எழுதக் கற்றுவருகின்றாள். பாட்டி சொல்லும் சம்பள நாள் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி அவளிடம் கேட்டுக்கொண்டோம். எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றாள். இம்முறை திருத்தும் வேலை எங்களுடையது.