குளிர்கால நோய்களும் நமது கடமையும்

  

ஐப்பசி மழை தொடங்கி மாசிப் பனி விலகும் வரை, இருமலும் சளியும் காய்ச்சலும் எட்டிப் பாராத இல்லங்கள் அரிது. குளிர்தான் இந்நோய்களைத் தருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நோயைத் தருபவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே. குளிருக்கு அஞ்சி நாம் சன்னல்களை அடைத்து, நெருங்கி அமர்கின்றோம். ஒருவர் இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் அடுத்தவரின் மூச்சில் கலந்துவிடுகின்றன. தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் பள்ளிவாசலுக்கும் இது பொருந்தும்.

கடும் இருமலோடும் காய்ச்சலோடும் ஜமாஅத்துக்கு வருவதைப் பேணுதல் எனக் கருதும் சகோதரர்கள் நம்மில் உண்டு. அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், பச்சைப் பூண்டு உண்டவர் பள்ளிக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். அருகிலிருப்போர் துன்புறலாகாது என்பதே அதன் கருத்து. வாடை சற்று நேரத்தில் மறையும். நோயோ அடுத்த ஸஃப்பில் நிற்கும் முதியவரின் உயிருக்கே கேடாகலாம். இளைஞருக்கு நான்கு நாள் சளியாக வந்து போவது, நீரிழிவோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவருக்கு நிமோனியாவாக முடியக்கூடும்.

நபி (ஸல்) அவர்களே தமது இறுதி நோயின்போது, தொழுகை நடத்துமாறு அபூபக்ர் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். எனவே நோயுற்றவர் இல்லத்தில் தொழுவது ஈமானின் குறைவன்று. மார்க்கம் அளித்த சலுகை. பிறரைக் காக்கும் எண்ணத்துடன் அதை ஏற்பது நன்மையுமாகும்.

தும்மும்போது முகத்தை மூடிக்கொள்வது நபிவழி. நோய் கண்டவர் முஸாஃபஹா செய்யாமல், ஸலாமுடன் நிறுத்திக்கொள்ளலாம். வுளூச் செய்தபின் ஒரே துண்டில் பலர் முகம் துடைப்பதைத் தவிர்ப்போம். இருமியபின் கைகளைச் சோப்பிட்டு 20 விநாடிகளேனும் தேய்த்துக் கழுவுவோம். தொழுகை நேரத்தில் சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

சாதாரண சளிக்கும் ஃபுளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். ஆண்டிபயாடிக் மாத்திரைகள் அதை அழிப்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி உண்ணாதீர்கள். ஃபுளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் அதன் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். முதியோர் தம் மருத்துவரிடம் கேட்டறியவும். கைக்குழந்தைகளுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி 6 ஆவது வாரம், 14 ஆவது வாரம், 9 ஆவது மாதம் என அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது, தவறவிடாதீர்கள். தேன் இருமலைத் தணிக்கும்; ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கலாகாது.

தாய்மார்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவும். இருமலுள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, 12 மாதம் வரை 50, 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், நினைவு தடுமாறுதல் ஆகியவை பெரியவர்களுக்கான அபாய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அண்டை வீட்டாரின் நலனும் அவ்வாறே. அவ்விரண்டையும் பேணி வாழும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.