பெயர் எழுதப்படாத பாட்டிகள்

பெண், இனம், குடும்பம் என்பது இன்றைய மன்றத்தின் தலைப்பு. இந்த மூன்று சொற்களையும் சேர்த்துச் சொன்னதும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கிள்ளானுக்கும் இந்தத் தலைப்பில் ஒரு வரலாறு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். 1662ஆம் ஆண்டில் வெர்ஜினியாவில் ஒரு சட்டம் வந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்ற கேள்வியே இல்லை. வெள்ளைக்கார முதலாளிக்குப் பிறந்த குழந்தைகூட அவனுடைய சொத்துக் கணக்கில்தான் சேர்ந்தது. ஒரு தாயின் வயிற்றையே இலாபக் கணக்கில் எழுதிய சட்டம் அது.

அந்தக் கொடுமையை அனுபவித்த ஒரு பெண்மணி ஹேரியட் ஜேக்கப்ஸ். முதலாளியின் தொல்லை தாங்காமல், பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். கீழே தன் பிள்ளைகள் விளையாடுவதை ஒரு சிறிய துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வடக்கே தப்பிச் சென்று, 1861ஆம் ஆண்டில் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் சொந்தப் பெயரைப் போடவில்லை. நடந்ததைச் சொல்லவும் வேண்டும், குடும்ப மானத்தைக் காக்கவும் வேண்டும் என்ற தவிப்புத்தான் காரணம்.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது கற்பனைக் கதை என்றும், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதியது என்றும் பலர் நம்பினார்கள். 1980களில்தான் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர், பழைய கடிதங்களைக் கொண்டு அது ஜேக்கப்ஸின் சொந்த வாழ்க்கைதான் என்று நிறுவினார்.

இப்போது கிள்ளானுக்கு வருவோம். தோட்ட வாழ்க்கையும் அமெரிக்க அடிமை முறையும் ஒன்று என்று சொல்வது தவறு. இங்கே வந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். பிள்ளையை விற்க எந்தத் துரைக்கும் உரிமை இருக்கவில்லை. ஆனால் வேலை, லயத்து வீடு, மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும்.

பெண்கள் விடியும் முன்பே எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடினார்கள். ஆண்களைப் போலவே நிரை பிடித்து மரம் வெட்டினார்கள், பால் சுமந்தார்கள். ஆனால் 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 10 காசு வித்தியாசம் பல வீடுகளில் பிள்ளையின் பால் காசு.

1941ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் மே மாதம் வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையைக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் ஐரோப்பியர்களும் ‘கறுப்பு ஐரோப்பியர்களும்’ முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதே அது.

அந்தச் சொல்லைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கறுப்பு ஐரோப்பியர் என்றால் வெள்ளைக்காரர் அல்ல. நம்மைப் போன்ற தோல் நிறம் கொண்டு, துரையின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஆசிய உத்தியோகஸ்தர்கள். ஆக, இனம் மட்டும் குற்றவாளி அல்ல. அதிகாரம் கிடைத்தால் சொந்த இனமும் அதையே செய்யும் என்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் அன்றைக்கே எழுத்தில் வைத்துவிட்டார்கள்.

நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தலைவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் எந்தப் பெண்களுக்காக அந்தக் கோரிக்கை எழுதப்பட்டதோ, அவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பெயரைச் சொன்னால் கணவன் வேலை என்னாகும்? தங்கையின் கல்யாணம் என்னாகும்? ‘நம் வீட்டுப் பெண்கள்’ என்று பன்மையில் சொல்லிவிட்டால் மானம் காப்பாற்றப்படும். ஆனால் அந்தப் பன்மைக்குள் ஒவ்வொருத்தியும் மறைந்து போனாள்.

இரண்டே ஆண்டுகளில், 1943இல், ஜான்சி ராணிப் படை உருவானது. கேப்டன் லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகியோரை நாடறியும். அவர்களோடு துப்பாக்கி தூக்கியவர்களில் பால் மரம் வெட்டிய பெண்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேரின் பெயரை இன்றைய பிள்ளைகளால் சொல்ல முடியும்?

1941ஐ நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் 1960களிலும் 70களிலும் மரம் வெட்டிய பாட்டிகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் வெட்டிய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள்.

“அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டமா பாட்டி?” என்று கேட்டால், “ஆமாம்யா” என்ற ஒரே பதில்தான் வரும். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பாட்டியின் முழுப் பெயரோடு, ஆண்டோடு எழுதி வையுங்கள். வலிக்கும் கதையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். ஆனால் அவராகச் சொல்லத் தொடங்கினால், “அதெல்லாம் இப்போ எதுக்கு?” என்று மட்டும் தடுத்துவிடாதீர்கள்.

ஜேக்கப்ஸ் எழுதி வைத்ததால்தான் நூறு ஆண்டு கழித்தாவது உலகம் நம்பியது. எழுதி வைக்காத பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்த வாரக் கடைசியில் பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு போங்கள்.