கோவைக் கரணையும் பிரேசில் எத்தனாலும்



உயிரி எரிபொருளில் அரசின் அறிவியல் கொள்கை, பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற பொருளில் கருத்தரங்கு கூட்டுவதற்குக் கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்பேன். சொந்த ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காரணம் வயலில் இருக்கிறது.

1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்தியக் கரும்பு அப்போது மெலிந்தது, சாறு குறைந்தது. ஜாவாவிலிருந்து சர்க்கரை வந்து குவிந்துகொண்டிருந்தது. வடக்கே விளையும் பயிருக்கு ஆராய்ச்சி நிலையத்தைத் தெற்கே ஏன் வைத்தார்கள்? கரும்பு இங்கேதான் நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது. பூ வந்தால் தோகை போச்சு, கட்டை வெண்டாகும் என்று விவசாயி முகம் சுளிப்பார். கலப்பினம் உண்டாக்குகிறவருக்கோ அந்தப் பூதான் மூலதனம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த நிலையத்தின் கலப்பினத் தோட்டத்துக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஆண் பூங்கதிரை வெட்டி எடுத்து வந்து, பெண் பூங்கதிரின்மேல் மகரந்தத்தை உதிர்ப்பார்கள். பிறகு கிடைக்கும் விதை பஞ்சோடு பஞ்சாகக் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். தொட்டியில் தூவி, முளைத்ததில் ஆயிரக்கணக்கானதைக் கழித்துக்கட்டி, ஒன்றிரண்டை ரகமாக்க ஆண்டுகள் பிடிக்கும்.

சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அந்த வேலையைச் செய்தார்கள். ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பையும் இங்கே தானாக வளர்ந்து கிடந்த நாணல் இனத்துக் காட்டுக்கரும்பையும் கலந்து, 1918இல் கோ 205 என்ற ரகம் வெளிவந்தது. காட்டுப் புல்லோடு சேர்த்தால் சர்க்கரை என்னாகும் என்று கேட்டவர்களுக்குப் பஞ்சாப் வயல்கள் பதில் சொல்லின. அதன்பின் வந்த கோ 290, கோ 419 போன்றவை நாட்டு எல்லையைத் தாண்டின. பிரேசிலின் சாவோ பாலோவில் தேமல் நோய் பழைய கரும்பு ரகங்களை அழித்திருந்த காலம் அது. ஜாவா ரகங்களோடு கோவையின் ரகங்களும் அந்த வயல்களில் ஏறின. பின்னாளில் அர்ஜென்டினாவில் உருவாகி, பிரேசிலில் பெரும்பரப்பில் பயிரான என்.ஏ. 56-79 ரகத்துக்குத் தாய் நம் கோ 419. உலகத்துக்கே எத்தனால் பாடம் நடத்தும் நாட்டின் கரும்பு வம்சாவளியில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதற்காக யாரும் உச்சிமாநாடு நடத்தவில்லை. கரணை போயிற்று, ரகக் குறிப்பு கூடவே போயிற்று.

பிரேசிலைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் பலரும் 1975 நவம்பரில் அரசு ஆணை பிறந்தது, கார்கள் எத்தனாலில் ஓடின என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அவ்வளவு நேரான கதை இல்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, பிறகு சர்க்கரை விலை விழுந்தது. இரண்டு நெருக்கடிக்கும் ஒரே மருந்தாகப் ‘புரோஆல்கூல்’ திட்டம் வந்தது. விமானப்படையின் ஆய்வு மையத்தில் உர்பானோ ஸ்டும்ப் என்ற பொறியாளர் எத்தனால் எஞ்சினை உருவாக்கினார். 1979இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் கார் விற்பனைக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பெரும்பாலானவை எத்தனால் கார்கள். 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, பிறகு சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. 1989-90இல் பங்க்கில் எத்தனால் இல்லை. வாங்கிய காரை என்ன செய்வது என்று மக்கள் கொதித்தார்கள். நம்பிக்கை திரும்பியது 2003இல், பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் ஃபிளெக்ஸ் எஞ்சின் கார் வந்த பிறகுதான். எதைப் போடுவது என்ற முடிவை அரசிடமிருந்து வண்டிக்காரர் கைக்கு அது மாற்றியது.

இந்த ஏற்ற இறக்கத்தில் எது நிலைத்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மானியம் நிலைக்கவில்லை, விலையும் நிலைக்கவில்லை. ஆராய்ச்சி நிலைத்தது. யோகன்னா டோபரெய்னர் என்ற அம்மையாரைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலுக்குக் குடியேறி, ரியோ டி ஜெனிரோவுக்குப் பக்கத்தில் செரோபெடிக்காவில் மண் நுண்ணுயிரிகளை ஆராய்ந்தவர். புல் இனப் பயிர்களோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் என்று அவர் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1988இல் கரும்பின் தண்டுக்குள்ளேயே வாழும் அப்படி ஒரு பாக்டீரியாவை அவர் குழு விவரித்து வெளியிட்டது. பிரேசில் கரும்பு வயல்களில் மற்ற நாடுகளைவிடக் குறைவாகவே யூரியா இடுகிறார்கள். யூரியா செய்ய எரிவாயு வேண்டும். யூரியாவைக் கொட்டி விளைவித்த கரும்பிலிருந்து எரிபொருள் எடுத்தால், ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்த கணக்குத்தான். அவர் வேலையைத் தொடங்கிய காலத்தில் ‘புரோஆல்கூல்’ திட்டம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப் போகிறேன். விருந்தினர்கள் பொறுத்தருள வேண்டும்.

2003இல் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைக் கையில் எடுத்தது. முதற்கட்டமாக 4 லட்சம் ஹெக்டேரில் செயல்விளக்கத் தோட்டம். 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு கலப்பு. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்றார்கள். கடைசியது மட்டும் உண்மை. வேலியில் நின்ற செடியை, தேர்ந்தெடுத்த ரகம் ஒன்றுகூடக் கையில் இல்லாமல், பல இடங்களில் பல ஆண்டு விளைச்சல் பார்க்காமல், ஒரு நாட்டின் எரிபொருள் திட்டத்துக்கு அடித்தளமாக்கினோம். காட்டாமணக்கு தண்ணீர் இல்லாமல் சாகாது என்பது சரி. காய்க்காது என்பதை யாரும் சொல்லவில்லை. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு நச்சு என்பதால் மாட்டுக்கும் ஆகாது. 2010இல் தமிழ்நாட்டுக் கிராமங்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு, எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு, பாசன வசதி உள்ளவருக்கே ஓரளவு வாய்ப்பு, ஏழை விவசாயிகளை இது மேலும் ஏழையாக்கியது என்று முடிவு சொன்னது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2009 டிசம்பரில், உயிரி எரிபொருள் தேசியக் கொள்கை 2017க்குள் 20 விழுக்காடு என்று இலக்கைத் தள்ளி வைத்தது. 2018 கொள்கை பயோடீசலுக்கு 2030க்குள் 5 விழுக்காடு என்று இறங்கி வந்தது.

விழுக்காடு முதலில், விளைச்சல் ஆய்வு பிறகு. நம் நோய் இதுதான்.

எத்தனாலில் நிலைமை வேறு, அதை மறைக்கக் கூடாது. 2013-14இல் பெட்ரோலில் கலந்தது 1.53 விழுக்காடு. 2022 ஜூனில் பத்தைத் தொட்டோம். 2030க்கு வைத்த இருபதை 2025-26க்கு முன்தள்ளி, 2025இலேயே எட்டினோம். நிர்வாகச் சாதனை என்று பார்த்தால் இது சாதாரணமானதில்லை. விலையை முன்கூட்டி அறிவித்தது, எண்ணெய் நிறுவனங்கள் வாங்க உறுதி கொடுத்தது, ஆலைகளுக்கு வட்டி மானியம் எல்லாம் வேலை செய்தன. கரும்புப் பாக்கிக்காக விவசாயிகள் ஆலை வாசலில் காத்துக் கிடந்த நிலை பல மாநிலங்களில் குறைந்தது.

ஆனால் அந்த எத்தனால் எதிலிருந்து வந்தது? 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்பக் கட்டுப்பாடு வந்ததும் பளு மக்காச்சோளத்தின்மேல் விழுந்தது. 2023-24இல் தானியமே கரும்பை முந்தியது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறியதை நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்; அவர்களில் யாரையும் இந்த அரங்குக்கு அழைக்காதது அமைப்பாளர்களின் குறை. தண்ணீர்க் கணக்கு இன்னும் கடுமை. நிதி ஆயோக்கின் 2021 வழித்தட அறிக்கையே கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கிறது. பிரேசிலில் கரும்புக்குப் பெரும்பாலும் வானம் தண்ணீர் விடுகிறது. இங்கே போர்வெல் விடுகிறது. அவர்களுடைய பசுமைக் கணக்கை அப்படியே எடுத்து நம் எத்தனாலுக்கு ஒட்டுவது அறிவியலும் இல்லை, நேர்மையும் இல்லை.

எத்தனால் கலப்பால் எழுந்த மைலேஜ் சண்டையையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். அதே அறிக்கை, பழைய வகைக் கார்களில் 20 விழுக்காடு கலந்தால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும் என்று 2021இலேயே மதிப்பிட்டிருந்தது. அந்த எண்ணை அன்றே பங்க்கில் எழுதி ஒட்டியிருந்தால் 2025இல் இவ்வளவு வதந்தி பரவியிருக்காது.

பயிரை விட்டுக் கழிவிலிருந்து எடுப்போம் என்பது அடுத்த நம்பிக்கை. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்க வடிவமைக்கப்பட்டது. வைக்கோலின் மரநார்ச்சத்தை உடைப்பது, நொதியின் விலை, ஒரே பருவத்தில் அறுவடையாகும் வைக்கோலை ஆண்டு முழுக்கச் சேமிப்பது ஆகியவை உலகெங்கும் இவ்வகை ஆலைகளைத் தடுமாற வைத்தவை. அமெரிக்காவில் பெரும் நிறுவனங்களே மூடிவிட்டுப் போயிருக்கின்றன. இங்கேதான் ஒத்துழைப்பு உண்மையில் தேவை. 2012இல் தொடங்கிய இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வுத் திட்டத்தில் ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் முன்னின்று சோளம், கம்பு, மூங்கில் என்று இறங்கின. ஐந்தாண்டில் பணம் முடிந்தது. பயிர் மேம்பாட்டில் ஐந்தாண்டு என்பது பாதி வழி. கோ 205க்கே ஆறு ஆண்டு ஆயிற்று, அதுவும் அதிர்ஷ்டம் கூடிய ஆறு ஆண்டு.

பன்னாட்டு மேடைகளுக்குப் பஞ்சமில்லை. ரோமில் உலக உணவு வேளாண் நிறுவனத்தில் செயலகம் வைத்திருக்கும் உலக உயிரி ஆற்றல் கூட்டாண்மை, 2007இல் இந்தியா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து தொடங்கிய பன்னாட்டு உயிரி எரிபொருள் மன்றம், 2016இல் பயோஃபியூச்சர் மேடை, கடைசியாக 2023 செப்டம்பர் 9 அன்று டெல்லி ஜி-20 மாநாட்டில் அறிவித்த உலக உயிரி எரிபொருள் கூட்டணி. படம் எடுத்துக்கொண்டது போக, இவற்றில் பயன்பட்டது எது? என் கணிப்பில் இரண்டு. 2008இல் பிரேசில், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா மூன்றும் உட்கார்ந்து எத்தனாலின் தர அளவுகளை ஒப்பிட்டு, எது பொருந்துகிறது எது பொருந்தவில்லை என்று எழுதிய வெள்ளை அறிக்கை. 2011இல் ரோம் கூட்டாண்மை வெளியிட்ட 24 நிலைத்தன்மைக் குறியீடுகள். இரண்டுமே அளவுகோல் பற்றியவை, இரண்டையும் பற்றி நாளிதழில் யாரும் எழுதவில்லை. அதே 2008இல் அமெரிக்கா பிரேசில் எத்தனாலுக்குக் கேலனுக்கு 54 சென்ட் சுங்கம் போட்டுக்கொண்டிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அது 2011 இறுதியில்தான் போயிற்று. நட்பு மேடையிலும் சுங்கம் துறைமுகத்திலுமாக இருந்தன.

அளவுகோலில் சேர்ந்தோம், பயிர்ப் பொருளில் பிரிந்துபோனோம். கரும்பின் உலகத் தொகுப்புகள் இரண்டில் ஒன்று நம் கண்ணூரில் இருக்கிறது, மற்றது ஃபுளோரிடாவில். ஆனால் பயிர் மரபு வளங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பலதரப்புப் பகிர்வுப் பட்டியலில் கரும்பு இல்லை. எனவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்தனியாகப் பேரம். மரபு வளங்கள் வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் நம் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நம் நாணலை எடுத்துப் போய்க் காப்புரிமை வாங்கி நமக்கே விற்கும் நிலை வரக் கூடாதுதான். ஆனால் தொகுப்பைப் பூட்டி வைத்துவிட்டு, வறட்சி தாங்கும் கரும்பு வேண்டும் என்று கூட்டணியில் தீர்மானம் போடுவதில் என்ன பொருள்?

ஆகவே இந்த மூன்று நாள் அமர்வுகளுக்கு என் வேண்டுகோள்கள் எளிமையானவை. கலப்பு விழுக்காட்டை உயர்த்தச் சொல்லும் தீர்மானம் எதையும் நிறைவேற்ற வேண்டாம்; அதைச் சொல்ல அமைச்சகங்கள் இருக்கின்றன. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு எந்த மாவட்டத்தில் எவ்வளவு நிலத்தடி நீர், எவ்வளவு யூரியா என்பதை ஒரே முறையில் கணக்கிடப் பிரேசில் நண்பர்களும் நாமும் ஒப்புக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கரும்பைப் பகிர்வுப் பட்டியலில் சேர்க்க இந்தியா முன்மொழிய வேண்டும் என்று வேளாண் அமைச்சகத்துக்கு எழுதுவோம். முன்மொழியும் தகுதி நமக்குத்தான் அதிகம். கொடுத்துப் பழகியவர்கள் நாம். இன்னொன்று, இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவர் அலமாரியிலும் காட்டாமணக்கு, புங்கன், இனிப்புச்சோளம் என்று தோற்றுப்போன வயல் ஆய்வுகளின் தரவு தூங்குகிறது. வெற்றியை மட்டும் வெளியிட்டதால்தான் 2003இல் அந்தக் காட்டாமணக்குத் தவறு நடந்தது. அந்தத் தோல்வித் தரவை இந்தக் கருத்தரங்கத் தொகுதியில் தனிப் பகுதியாக அச்சிடப் பதிப்பாசிரியர் குழு இசைந்திருக்கிறது. இரண்டாம் நாள் மாலைக்குள் உங்கள் அட்டவணைகளை வரவேற்பு மேசையில் கொடுத்துவிடுங்கள். ஆய்வு நடந்த கிராமம், பாசனம், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற மூன்றும் இருந்தால் போதும்.